திருப்பூர் தந்த கல்விச் செல்வர்

பனியன் தொழிலால் உலகப் புகழ் பெற்ற திருப்பூரில், சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கம்பெனிகளில் கைமடிக்கும் வேலைக்கு நிற்பது வழக்கமான காட்சி. சனிக்கிழமை மாலையில் கூலி கைக்கு வந்துவிடும். பள்ளிக்கூடம் அனுப்பினால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோர் கேட்டால், உடனே விடை சொல்வது எளிதன்று. அந்த விடையைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைக் கழித்த பெரியார் ஒருவர் அதே ஊரில் தோன்றினார். அவர்தாம் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார்.

1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் திருப்பூரில் செல்வம் மிக்க வணிகக் குடும்பத்தில் அவர் பிறந்தார். திருப்பூரிலும் கோவையிலும் பயின்று, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டமும் கற்றார். வழக்கறிஞராக வளமாக வாழ்ந்திருக்கலாம். இராமகிருஷ்ண இயக்கத் துறவியரின் தொடர்பும் காந்தியடிகளின் அழைப்பும் அவரை வேறு வழியில் செலுத்தின. விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். திருமணமும் செய்துகொள்ளவில்லை.

1930ஆம் ஆண்டில் கோவையில் ஒரு சில பிள்ளைகளோடு இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலத்துப் பிள்ளைக்கும் தொடக்கத்திலேயே அங்கு இடம் இருந்தது. ஒரே பந்தியில் உண்பதே பெருங்குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது என்பதை இன்றைய இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். 1934இல் காந்தியடிகள் வித்தியாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

அதனை உறைவிடப் பள்ளியாக அமைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. ஏழைப் பிள்ளையின் படிப்பைத் தடுப்பது கட்டணம் மட்டுமன்று. மாலையில் அவன் திரும்பும் வீட்டில் விளக்கு இராது. காலையில் கஞ்சி இராது. அறுவடைக் காலத்தில் புத்தகப்பை மூலைக்குப் போய்விடும். ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் எனத் தானம் நான்கு என்பது நாம் அறிந்ததே. சோற்றையும் நூலையும் ஒரே கூரையின்கீழ் வழங்கிய அவரது பணியைக் காணும்போது, அவர் நம் சமயத்தவர் அல்லர் எனினும், இந்நெறி நம் நினைவிற்கு வருகின்றது. மாணவர்கள் தம் கையால் உழைக்கவும் அங்கே கற்றனர்.

ஒரு பள்ளியில் எத்தனை பேர்தாம் பயில இயலும்? 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் அவர் மொழித் தடையை நோக்கித் திரும்பினார். வீட்டில் ஒருவரும் ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் நடத்தப்படும் கணக்கும் விஞ்ஞானமும் பூட்டிய கதவுகளே. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி வேரூன்ற அவர் பாடுபட்டார். திருக்குறள் பாடத்திட்டத்தில் இடம்பெறவும் வழிசெய்தார். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, தமிழில் கலைக்களஞ்சியம் வெளிவரச் செய்தார். அதன் முதன்மை ஆசிரியராக அமைந்த பெரியசாமித் தூரன், வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். 1954இல் முதல் தொகுதி வந்தது. பத்துத் தொகுதிகளும் நிறைவுற 1968 ஆயிற்று. அமைச்சர் பதவி மூன்றாண்டே. அப்பதவிக்காலத்தில் ஊன்றிய விதைக்கு இருபதாண்டு நீர் ஊற்றியதுதான் அவரது பெருமை என்பேன்.

1952இல் திருப்பூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். மகளுக்கு மேற்படிப்பு எதற்கு என்று வசதியுள்ள வீடுகளிலேயே கேட்ட நாட்கள் அவை. ஏழை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1970இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1988இல் அக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததைக் கண்ணாரக் கண்டபின், 1991 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார்.

வித்தியாலயம் இன்று கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இயங்குகின்றது. திருப்பூரிலிருந்து கோவை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலை இரயிலில் ஏறினால் முதல் மணி அடிக்குமுன் மகளிர் பல்கலைக்கழக வாயிலை அடைந்துவிடலாம்.