தலையைக் கழற்றி மேசையில் வைத்தவர்

பரிஸ் நகரில் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திய ஒரு செல்வந்தரின் மகனாக 1861ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி பிறந்தவர் ஜோர்ஜ் மெலியே. சில காலம் அந்தத் தொழிற்சாலையிலேயே இயந்திரங்களோடு பழகினார். மனமோ மாய வித்தையில் இருந்தது. 1888இல் தன் பங்கைச் சகோதரர்களிடம் விற்று, ரொபேர் ஹூடான் என்ற புகழ்பெற்ற மாயவித்தை அரங்கை வாங்கிவிட்டார்.

1895 டிசம்பர் 28ஆம் திகதி லூமியர் சகோதரர்கள் காட்டிய அசையும் படங்களைப் பார்த்தவர்களுள் அவரும் ஒருவர். அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. இலண்டனில் ரொபட் போல் என்பவர் செய்த படங்காட்டும் கருவியை வாங்கி, அதைப் பார்த்துத் தனக்கென ஒரு கமராவைச் செய்துகொண்டார். 1897இல் மொன்ட்ராய் என்னும் இடத்தில் கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட படப்பிடிப்புக் கூடம் எழுந்தது. அன்றைய படச்சுருளுக்குச் சூரிய ஒளி அவ்வளவு தேவைப்பட்டது.

ஊடகக் கற்கைகளைப் பாடமாக எடுத்திருக்கும் எனக்கு இவரிடம் பிடித்தது இதற்குப் பிறகு வரும் கதைதான். இன்று நாம் ஒருவரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம்பிடிக்கிறோம். மென்பொருள் பச்சையை மட்டும் நீக்குகிறது. அந்த வெற்றிடத்தில் கடலையோ மலையையோ வைக்கலாம். மனிதத் தோலில் பச்சைச் சாயல் குறைவு என்பதாலும், டிஜிட்டல் கமராவின் உணரியில் சிவப்பு, நீலத்தைவிடப் பச்சைக்கு இருமடங்கு புள்ளிகள் இருப்பதாலும் அந்த நிறம் வசதியாகிறது. (நம்முடைய வெள்ளைப் பர்தாவுக்கு மட்டும் அது வசதியில்லை. துணியின் பச்சை ஓரங்களில் வந்து படிந்துவிடும்!)

மெலியேயின் காலத்தில் படச்சுருளில் நிறமே பதியாது. அவர் கறுப்பைப் பயன்படுத்தினார். கறுப்புத் துணியிலிருந்து ஒளி திரும்பி வருவதில்லை. ஆகவே சுருளில் அந்தப் பகுதி படம் பிடிக்கப்படாத வெற்றிடமாகவே இருக்கும். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி படம்பிடித்தால் புதிய உருவம் அந்த இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். 1898இல் வெளிவந்த படமொன்றில் அவர் தன் தலையைக் கழற்றி மேசையில் வைக்கிறார். மீண்டும் ஒரு தலை முளைக்கிறது. அதையும் வைக்கிறார். உடல் தலையின்றித் தெரிய வேண்டிய நேரத்தில் தலையைக் கறுப்பு உறையால் மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

1900இல் இன்னும் துணிந்தார். ஏழு இசைக்கலைஞர்கள் ஒரே மேடையில் அமர்ந்து வாசிக்கிறார்கள்; ஏழு பேரும் அவரே. கையால் சுற்றும் கமராவில் ஒரே சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பக்கத்தில் இல்லாத தன்னோடு தானே நேரம் பிசகாமல் அசைய வேண்டும். கடைசிச் சுற்றில் ஒரு கை தப்பான நேரத்தில் உயர்ந்தால் முன்னைய உழைப்பு எல்லாம் வீண். நம்மைப்போல ஒரு பொத்தானை அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்ப அவருக்கு வழியில்லை. அடுத்த ஆண்டு தன் தலை பலூன்போல ஊதிப் பெருப்பதாகக் காட்டினார். கமரா நகரவில்லை, சக்கரம் பூட்டிய இருக்கையில் அமர்ந்து, சாய்தளத்தின் வழியே அவர்தான் அதை நெருங்கினார்.

1902இல் வந்த சந்திரப் பயணப் படம் உலகமெங்கும் ஓடியது. அமெரிக்காவில் பலர் அதைக் களவாகப் பிரதிசெய்து காசு பார்த்தார்கள். மறு ஆண்டு சகோதரர் கஸ்தோனை நியூயோர்க்குக்கு அனுப்பி உரிமையைக் காக்க முயன்றார். ஆனால் இரசனை மாறிக்கொண்டிருந்தது. அவரோ அதே மேடை, அதே திரைச்சீலை, அசையாத கமரா என்று நின்றார். கடன் வளர்ந்தது. 1913இல் மனைவியும் இறந்தார், படத்தொழிலும் நின்றது. போர்க்காலத்தில் அவரது பிரதிகள் பல உருக்கப்பட்டு இராணுவச் சப்பாத்துகளின் குதிகளாயின. சப்பாத்துத் தொழிலை விட்டு ஓடிவந்தவரின் படங்களுக்கு இப்படி ஒரு முடிவு.

1923இல் அரங்கு இடிக்கப்பட்டது. மொன்ட்ராயும் கைவிட்டுப் போனது. எஞ்சிய மூலச் சுருள்களை அவரே தீயிட்டார். வைக்க இடமில்லை, மனமும் உடைந்திருந்தது என்று அவருக்காகப் பேசலாம். ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு இரக்கத்தைவிடக் கோபமே முந்துகிறது. அவற்றில் நடித்தவர்கள், காட்சிகளைத் தீட்டியவர்கள், தைத்தவர்கள் ஆகியோரின் உழைப்பும் சேர்ந்தல்லவா எரிந்தது?

அதன்பின் மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தில் ஒரு சிறு கடையில் விளையாட்டுப் பொருட்களும் இனிப்பும் விற்றார். முன்பு அவரது படங்களில் நடித்து, 1925இல் அவரை மணந்த ஷான் தல்சியும் உடனிருந்தார். பத்திரிகையாளர்கள் அவரை மீண்டும் கண்டுபிடித்த பின் 1929இல் பாராட்டு விழாவும், 1931இல் அரச விருதும் வந்தன. மறு ஆண்டு, திரைத்துறையினருக்கான ஓய்வு இல்லத்தில் இடமும் கிடைத்தது. 1938 ஜனவரி 21ஆம் திகதி இறந்தார்.

அவர் எடுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களில் பாதியளவுகூட இன்று இல்லை. இருப்பவை பிறரிடம் போய்ச் சேர்ந்திருந்த பிரதிகளால் தப்பியவை. சந்திரப் படத்தின் வண்ணப் பிரதியொன்று 1993இல் பார்சிலோனாவில் கிடைத்தது. பல ஆண்டு வேலையின்பின் 2011இல் அது மீண்டும் திரையில் ஓடியது. அத்தகைய வண்ணங்களைத் தீட்டியவர்கள் எலிசபெத் துய்யியே என்ற பெண்மணியின் பட்டறையில் இருந்த பெண்கள். ஆளுக்கு ஒரு நிறம் என்று பிரித்துக்கொண்டு, விரல்நகம் அளவான படங்களில் ஒவ்வொன்றாகத் தூரிகை வைத்தார்கள்.