எஸ். கரிவரதன்

எஸ். கரிவரதன் (1954 - 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். குறைந்த செலவில் பந்தயத் தானுந்துகளை இந்தியாவிலேயே உருவாக்கியமைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

பஞ்சாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தில் பிறந்தார். சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடைபெற்றுவந்த பந்தயங்களில் பங்கேற்று முன்னணி வீரராக விளங்கினார்.

பங்களிப்பு

அக்காலத்தில் இறக்குமதி வரி மிகுதியாக இருந்தமையால், வெளிநாட்டுப் பந்தயத் தானுந்துகளைச் செல்வந்தர் சிலரே வாங்க முடிந்தது. ஏனையோர் சாலையில் ஓடும் மகிழுந்துகளை மாற்றியமைத்து ஓட்டினர். இந்நிலையில் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 மகிழுந்தின் 796 கன செ.மீ. பொறியைப் பொருத்தி, ஒற்றை இருக்கை கொண்ட பார்முலா மாருதி தானுந்தைக் கரிவரதன் வடிவமைத்தார். அனைவரும் ஒரே வகைத் தானுந்தை ஓட்டியதால், வெற்றியை முடிவு செய்வதில் பணத்தைவிட ஓட்டுநரின் திறமை முதன்மை பெற்றது. இவ்வகைப் பந்தயத்தில் 1990களில் அறிமுகமான கோவை வீரர் நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டு பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

மறைவு

வான்பயணத்திலும் ஆர்வம் கொண்டிருந்த கரிவரதன், 1995ஆம் ஆண்டு ஆகத்தில் வானூர்தி விபத்தில் காலமானார். நரேனின் பார்முலா 1 நுழைவைக் காண அவர் இல்லை. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயத் தடத்திற்கு அவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது.