53-என் எண் போட்ட குப்பி

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். விடுதிச் சாப்பாடு, வகுப்புக் குறும்பு பற்றியெல்லாம் நண்பர்கள் எழுதுவார்கள். நான் வால்டெமார் ஹாஃப்கினைப் பற்றி எழுதுகிறேன். பாடத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். மார்க்குக்கு அது போதும்.

எனக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. அப்போது அது திருச்சி மாவட்டம். அம்மை குத்த ஆள் வந்தால் அப்பாயி என்னைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடும். மருந்தாளுநராக வேலைக்குப் போன பிறகு அதே பயத்தை ஊர் ஊராகப் பார்த்தேன். வெறும் அறியாமை என்று அதைத் தள்ள எனக்கு மனசு வந்ததில்லை.

ஹாஃப்கின் 1860-ல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்ந்த நேரத்தில் ஆய்வு செய்தார். 1892-ல் காலரா தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ராப்பகலாக உழைத்து, 1897 ஜனவரி 10-ம் தேதி அந்த ஊசியையும் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். காய்ச்சல் வந்தது, தாங்கிக்கொண்டார்.

பிறகுதான் முல்கோவால். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் கிராமம். 1902 அக்டோபர் 30-ம் தேதி அங்கே 107 பேருக்கு பிளேக் ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் டெட்டனஸ் வந்து செத்துப்போனார்கள். 19 பேருமே 53-என் என்ற ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள். மற்ற குப்பிகளில் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணை ஆணையம் பழியை ஆய்வகத்தின் மேல் போட்டது. மருந்து தயாரிக்கும்போது கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை ஹாஃப்கின் நிறுத்தியிருந்தார், அது பெரிய குற்றமாகத் தெரிந்தது. அவர் வேலை போயிற்று. ஆனால் குப்பியைத் திறந்த உதவியாளர் கையிலிருந்து ஃபோர்செப்ஸ் தரையில் விழுந்திருந்தது; சரியாகச் சுத்தம் செய்யாமல் அதையே எடுத்து மூடியைத் திறந்திருக்கிறார். பல வாரம் முன்பே கிருமி உள்ளே இருந்திருந்தால் குப்பி நாறியிருக்கும். திறந்தபோது எந்த நாற்றமும் இல்லை. ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் விடாமல் வாதாடினார்கள். 1907-ல்தான் பழி நீங்கியது. திரும்பக் கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். அவர் உருவாக்கிய பம்பாய் ஆய்வகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அது அரை நியாயம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகாம். ஊசிகளை வேகவைத்து ஃபோர்செப்ஸால் எடுக்கிற காலம். என் கையிலிருந்து அது மண்ணில் விழுந்தது. வரிசை நீளமாக நின்றதால் ஸ்பிரிட்டில் முக்கிவிட்டு வேலையைத் தொடரப் போனேன். வயதான சிஸ்டர் ஒருத்தர் வெடுக்கென்று பிடுங்கி, மறுபடி கொதிக்கப் போட்டு, இருபது நிமிஷம் எல்லாரையும் காக்க வைத்தார். அத்தனை பேர் முன்னால் அவமானமாக இருந்தது. ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. ஸ்பிரிட் டெட்டனஸ் வித்துகளைக் கொல்லாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன்தான் நான்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முல்கோவாலில் குப்பிக்கு எண் இல்லாமல், யாருக்கு எந்தக் குப்பி என்ற பதிவும் இல்லாமல் இருந்திருந்தால், பிளேக் ஊசியே விஷம் என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்த செய்தி வந்த அன்று, நான் முதலில் புரட்டியது என் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பேட்ச் நம்பர் பக்கத்தைத்தான்.

பம்பாய் ஆய்வகத்துக்கு 1925-ல் அவர் பெயர் வைத்தார்கள். 1930 அக்டோபர் 26-ம் தேதி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இறந்தார். அதே 1930-ல்தான் நம் நாட்டில் மருந்துகளின் தரத்தை விசாரிக்க சோப்ரா குழு அமைந்தது. அதன் வழியாக வந்ததுதான் நீங்கள் உருப்போடும் 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டம்.