பத்துக்குப் பன்னிரண்டு அடி கேபின்... 553 டாலர் செலவு... உலகத்தையே சுத்தி வந்த ஜோஷுவா ஸ்லோக்கம்!

ஏனாத்தூர் பக்கம் ஹாஸ்டல்லயோ, காஞ்சிபுரத்துல வாடகை ரூம்லயோ தங்கியிருக்கீங்களா? ரூம் ஒரு பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்குமா? கட்டில் போட்டா நடக்க இடமில்லைன்னு புலம்புற ஆள்னா, இந்த மனுஷனைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. அதே அளவு கேபினில் மூன்று வருஷம் வாழ்ந்து, பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர், ஜோஷுவா ஸ்லோக்கம். அந்தப் படகையும் அவரே பழுது பார்த்தார்.

1844-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். அப்பா, மீனவர்களுக்கு பூட்ஸ் தைக்கும் தொழிலாளி. பையன் ஒளித்துவைத்துச் செய்த குட்டிக் கப்பலை அப்பா உடைத்துப்போட்டதாகச் சொல்வார்கள். 14 வயசில் வீட்டைவிட்டு ஓடி, மீன்பிடிக் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாக கேப்டன் ஆனார். 1871-ல் சிட்னியில் வர்ஜீனியாவைக் கல்யாணம் செய்தார். அதன்பின் கப்பல்தான் வீடு. பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கேதான். அவர்களுடைய 'அக்விட்னெக்' கப்பலின் கேபினில், அலையில் நகராதபடி தரையோடு முடுக்கிவைத்த பியானோகூட இருந்தது.

1884-ல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில், அந்தக் கப்பலிலேயே வர்ஜீனியா இறந்துபோனார். மூன்று வருஷம் கழித்து பிரேசில் கரையில் தரைதட்டி, கப்பலும் போனது. இரண்டாவது மனைவி, இரண்டு மகன்களோடு நடுத்தெருவில் நின்ற ஸ்லோக்கம், அங்கேயே ஒரு படகு கட்டி எல்லோரையும் அமெரிக்காவுக்குக் கூட்டிவந்துவிட்டார். அதுவே தனிக் கதை!

ஊர் வந்து பார்த்தால் வேலை இல்லை. எங்கும் நீராவிக் கப்பல். பாய்மரக் கேப்டனை யார் கூப்பிடுவார்? 50 வயதை நெருங்கும்போது, கற்ற தொழிலே காலாவதி. நம்ம ஐ.டி. நண்பர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

1892 குளிர்காலத்தில், ஈபன் பியர்ஸ் என்ற திமிங்கில வேட்டைக் கேப்டன், கொஞ்சம் ரிப்பேர் பார்க்க வேண்டிய கப்பல் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். ஆசையோடு ஃபேர்ஹேவன் ஊருக்குப் போனால், மேய்ச்சல் நிலத்தில் முட்டுக்கொடுத்து, கித்தான் போர்த்தி வைத்திருந்த ஒரு கிழட்டுப் படகு! பெயர் 'ஸ்ப்ரே'. ஒரு காலத்தில் சிப்பி அள்ளிய படகு. ஊர்க்காரர்கள் அவர் அதை உடைத்து விறகாக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தார்கள். திரும்பக் கட்டப்போகிறார் என்று தெரிந்ததும், கட்டுப்படியாகுமா என்று கேட்டுத் துளைத்தார்கள்.

அவர் பக்கத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிமரம் ஆக்கினார். விலா மரங்களை ஆவியில் வேகவைத்து வளைத்தார். ஒன்றரை அங்குல பைன் பலகை அடித்து, இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து அடைத்தார். நம்ம கடற்கரைப் பக்கம் கலப்பற்று என்பார்களே, அந்த வேலை. மொத்தம் 13 மாதம். பொருள் செலவு 553 டாலர் 62 சென்ட். கூலி? எல்லாம் அவர் கைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உள்பக்கம். 37 அடிகூட இல்லாத படகு. முன்னால் ஆறுக்கு ஆறு சமையலறை, பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு கேபின். இரண்டும் மேல்தளத்துக்கு மேலே மூன்றடிதான் எழும்பும். அப்போ தலை இடிக்காதா? தளத்துக்குக் கீழே இறக்கி, நிற்க உயரம் எடுத்துக்கொண்டார். காஞ்சிபுரம் நெசவு வீட்டில் தறிக்குழியைப் பார்த்திருப்பீங்க. தரையைப் பள்ளமாக்கி இடம் பிடிப்பார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை. பக்கவாட்டில், தளத்தின் அடியில் படுக்கை, சின்ன அலமாரிகள், மருந்துப் பெட்டிக்குத் தனி இடம். இரண்டு அறைக்கும் நடுவே பல மாதத்துக்குத் தண்ணீர், உப்பிட்ட இறைச்சி. வெளிச்சத்துக்கு வைத்த விளக்கே சில நேரம் அடுப்பு. பியானோவுக்கு இடமில்லை. புத்தகங்களுக்கு இருந்தது.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பி, க்ளௌசெஸ்டரில் நின்றார். மீனவர்களின் டோரி படகு ஒன்றைப் பாதியாக அறுத்து, வெட்டிய பக்கத்தை அடைத்து ஏற்றிக்கொண்டார். கரைக்குப் போக அதுதான் படகு. துணி துவைக்கவும் குளிக்கவும் அதுதான் தொட்டி! (இதே க்ளௌசெஸ்டருக்குத்தான், 1938-ல் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்மரக் கப்பல் போய்ச் சேர்ந்தது.)

கடிகாரமா? முகப்பு உடைந்த தகரக் கடிகாரம். ஒன்றரை டாலர் சொன்னதை, உடைசலுக்காக ஒரு டாலருக்குத் தந்தார்கள். பிறகு நிமிட முள்ளும் போனது. நின்றுபோனால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து ஓட்டினார். தென் அமெரிக்காவின் தெற்கு முனையில், தூங்கப் போகுமுன் மேல்தளம் முழுக்கக் கம்பள ஆணிகளை இறைத்து வைத்தார். ராத்திரி வெறுங்காலோடு ஏறியவர்கள் போட்ட அலறல்தான் அலாரம்!

பாய்களை ஒழுங்காகக் கட்டிவிட்டால் ஸ்ப்ரே தானாகவே திசை மாறாமல் போகும். 1897-ல் நம்ம இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். சுக்கானைப் பிடித்தது மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மிச்ச நேரம் கேபினில் புத்தகம். சமோவாவில் எழுத்தாளர் ஸ்டீவன்சனின் மனைவி, கணவர் வைத்திருந்த கடல்வழி நூல்களைப் பரிசாகத் தந்ததும் அலமாரியில் சேர்ந்தது.

1898 ஜூன் 27-ல் நியூபோர்ட் திரும்பினார். 46,000 மைல். பயணத்தை எழுதிய புத்தகம் 1900-ல் வந்து பெரும் புகழ். அந்தப் பணத்தோடு மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் பண்ணை வீடு வாங்கியும் பார்த்தார். தரையில் கால் தங்கவில்லை. குளிர் வந்தாலே ஸ்ப்ரேயில் ஏறி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார். ஆனால், ஒவ்வொரு பலகையையும் தடவித் தடவிப் பொருத்திய அதே மனுஷன், கடைசி வருஷங்களில் படகைச் சரியாகக் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் கயிறெல்லாம் நைந்து கிடந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அறுபதைத் தாண்டிய வயதில், ஒரு நவம்பரில் வழக்கம்போலத் தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. இறந்துவிட்டதாகச் சட்டம் அறிவித்தது 1924-ல்தான். ஸ்ப்ரேயின் ஒரு பலகைகூட இன்றுவரை கிடைக்கவில்லை.