10 பவுண்டுக்கு விற்ற நாவல்... சொந்த ரிஸ்க்கில் புத்தகம் போட்ட ஜேன் ஆஸ்டின்!

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் பார்த்திருப்பீங்க. தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்கா தங்கையாக வரும் அந்தக் கதைக்கு மூலம், 1811-ல் லண்டனில் வெளியான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல். எழுதியவர் ஜேன் ஆஸ்டின். இன்று உலகம் முழுக்க விற்கும் இந்தப் புத்தகம், முதலில் அவருடைய சொந்த ரிஸ்க்கில்தான் வெளியே வந்தது.

முதல் அடி

1775-ல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் கிராமத்தில் பாதிரியார் மகளாகப் பிறந்தவர் ஜேன். 1797-ல் அப்பா ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் போட்டு, மகள் எழுதிய நாவலைப் பற்றிச் சொன்னார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலேயே மறுத்துவிட்டார்கள்.

1803-ல் 'சூசன்' என்ற நாவலை இன்னொரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கினார். விளம்பரம்கூட வந்தது. புத்தகம் வரவில்லை. 6 வருஷம் கழித்து ஜேன் வேறு பெயரில் கடிதம் எழுதிக் கேட்டார். அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திருப்பி எடுத்துக்கலாம், வேறு எங்கேயாவது போட்டால் தடுப்போம் என்று பதில் வந்தது. அப்பா இறந்த பிறகு சகோதரர்களை நம்பி வாழ்ந்தவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

'கமிஷன்' முறை என்றால் என்ன?

அச்சு, பேப்பர், விளம்பரம் என எல்லாச் செலவும் எழுத்தாளர் கணக்கில். பதிப்பாளருக்கு விற்பனையில் கமிஷன். லாபமோ நஷ்டமோ எழுத்தாளருக்குத்தான். ஆனால் உரிமை கையை விட்டுப் போகாது.

நஷ்டம் வரும் என்று நினைத்து, கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ஜேன் இதில் இறங்கினார். அட்டையில் அவர் பெயர்கூட இல்லை, 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டார்கள். 1813-க்குள் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து, 140 பவுண்டு கைக்கு வந்தது.

பாதுகாப்பாக ஆடியதில் நஷ்டம்

அடுத்த நாவலுக்கு அவர் ரிஸ்க் எடுக்கவில்லை. 150 பவுண்டு கேட்டு, 110-க்கு உரிமையை மொத்தமாக விற்றார். அதுதான் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'! 1813-ல் வெளியாகி, அதே வருஷம் இரண்டாம் பதிப்பும் வந்தது. ஜேனுக்கு அதில் ஒரு பைசா இல்லை.

பாடம் கற்றவர், 1814-ல் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலை மறுபடி கமிஷனில் போட்டார். ஆய்வாளர்கள் கணக்குப்படி 300 பவுண்டுக்கு மேல் லாபம்.

கடைசி கணக்கு

பிறகு பிரபல பதிப்பாளர் ஜான் மர்ரே, மூன்று நாவல்களின் உரிமைக்கு 450 பவுண்டு தருவதாகச் சொன்னார். ஜேன் மறுத்துவிட்டு, 1815 டிசம்பரில் 'எம்மா'வை சொந்தப் பொறுப்பிலேயே 2,000 பிரதி அச்சடித்தார். அது 221 பவுண்டு லாபம் கொடுத்தது. ஆனால், 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பு சரியாகப் போகவில்லை. அந்த நஷ்டம் 182 பவுண்டை இதில் கழித்துக்கொண்டார்கள். மிஞ்சியது 39 பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. 450-ஐ வாங்கியிருக்கலாமோ என்று தோணுது இல்லையா?

அதே 1816-ல் வங்கி நடத்திய அண்ணன் ஹென்றியும் திவாலானார். ஆனாலும் அந்த வருஷம் 'சூசன்' 10 பவுண்டுக்கு மீட்கப்பட்டது. பணம் கைமாறிய பிறகுதான், எழுதியவர் யார் என்று பதிப்பாளரிடம் ஹென்றி சொன்னாராம்.

1817 ஜூலை 18-ல், 41 வயதில் ஜேன் இறந்தார். மீட்ட நாவல் அந்த வருஷக் கடைசியில் 'நார்த்தாங்கர் அபே' என்ற பெயரில் வந்தது. அவர் பெயரை ஹென்றி வெளிப்படையாகச் சொன்னதும் அந்தப் புத்தகத்தில்தான். வாழ்நாள் முழுக்க எழுத்தில் அவர் சம்பாதித்தது 600 பவுண்டுக்குச் சற்று மேல்.

2017-ல் இங்கிலாந்து வங்கி அவர் படத்தோடு ஒரு நோட்டு வெளியிட்டது. எத்தனை பவுண்டு நோட்டு தெரியுமா? 10.