பரியறிந்த மன்னர்

மதுரை மாநகருக்கு வடக்கே, பசுமை மாறாத சோலைகள் சூழ்ந்த மலையின் அடிவாரத்தில் அழகர்கோவில் விளங்குகின்றது. திருமாலிருஞ்சோலை என்று ஆழ்வார்கள் போற்றிய திருத்தலம் அதுவே. ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் கள்ளர் திருக்கோலம் பூண்டு அங்கிருந்து பல்லக்கில் புறப்படும் அழகர், தல்லாகுளத்தில் தங்கக் குதிரையின்மீது அமர்ந்து, வைகையாற்றில் எழுந்தருளுகின்றார். அக்காட்சியைக் காணக் கூடும் மக்கள் வெள்ளம் கடலை ஒக்கும். அக்கோவிலின் காவல் தெய்வமாகிய பதினெட்டாம்படிக் கருப்பரும் இரவில் குதிரையூர்ந்து ஊர் காப்பவர் என்பது மக்கள் நம்பிக்கை. சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஐயனார் திருமுன்னர்ச் சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இங்ஙனம் பாண்டிநாட்டு மக்கள் உள்ளத்தில் குதிரை பெற்றுள்ள இடம் மிகப் பெரிது.

ஆயினும், உயர்ந்த சாதிக் குதிரைகள் தமிழ்நாட்டில் தோன்றியவை அல்ல. அவை கடல் கடந்து வந்தவை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பல்வழியே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர், அப்பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்ட வரலாற்றைத் திருவிளையாடற் புராணத்தில் கற்கின்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்து வணிகரும் பாண்டியரின் குதிரை வாணிகத்தைக் குறித்துள்ளார். ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை அரசன் விலைகொடுத்து வாங்குவான் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். அவற்றைப் பேணும் முறையறிந்தவர் இங்கு இலர் என்பதும், சோறும் இறைச்சியும் சமைத்து அவற்றுக்கு ஊட்டினர் என்பதும் அவர் கூறிய காரணங்கள். பொன்னை வாரியிறைத்து வாங்கிய புரவிகள், புல்லும் கொள்ளும் முறையாகப் பெறாமல் மடிந்தன. விரும்புதல் வேறு, அறிந்து பேணுதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

விருப்பமும் அறிவும் ஒருங்கே அமையப்பெற்ற மன்னர் ஒருவர், பாண்டிநாட்டை அடுத்த சோழநாட்டில் பிற்காலத்தே வாழ்ந்தார். அவரே தஞ்சையை ஆண்ட மராட்டிய மரபினராகிய இரண்டாம் சரபோஜி மன்னர் ஆவர். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த பெருமகனார் என்று அவரை நாம் அறிவோம். அவர் குதிரையின் இயல்பை நுணுகி அறிந்தவர் என்பதும், நரை தோன்றிய பின்னரும் அத்துறையில் புகழ் குன்றாது விளங்கியவர் என்பதும் பலர் அறியாத செய்திகள்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தார். தஞ்சை மன்னராகிய துளசா, தமக்குப் பிள்ளையின்மையால், 1787-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரை மகவாக ஏற்றார். அவ்வாண்டிலேயே துளசா இறந்தார். அரியணையைத் துளசாவின் உடன்பிறந்தாராகிய அமர்சிங் அடைந்தார். அரசுரிமைக்குப் போட்டியாக இருந்த சிறுவர் சரபோஜியின் வாழ்வில் இருள் சூழ்ந்தது. அவரைப் புறம்போகவிடாமல் அடைத்து வைத்தனர். நல்ல காற்றும் வெளிச்சமும் அவருக்குக் கிட்டவில்லை, ஓடியாடவும் இடமில்லை, கல்வி கற்பிப்பாரும் இலர். குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் பெறவேண்டிய இளம்பருவத்தில், நான்கு சுவர்களே அவருக்கு உலகமாயின.

அந்நிலையில் அவருக்குத் துணை நின்றவர், தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்சு என்னும் செருமானியப் பாதிரியார் ஆவர். சிறுவரின் உடலும் உள்ளமும் வாடுதலைக் கண்டு அவர் கும்பெனி அதிகாரிகளிடம் முறையிட்டார். அவர்தம் இடைவிடாத முயற்சியால் 1793-ஆம் ஆண்டில் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பெற்றார். அங்கே தடையின்றிக் கல்வி பயின்றார். தஞ்சைக்கு உரியவர் அவரே என்று பின்னர் முடிவு செய்யப்பட்டு, 1798-ஆம் ஆண்டு சூன் திங்களில் முடிசூட்டப்பெற்றார். தம் ஆசானாகிய சுவார்ட்சு அவ்வாண்டின் பிப்ரவரித் திங்களிலேயே மறைந்தமையால், அவ்விழாவைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆசானின் இறுதிப் படுக்கையருகே தாம் நிற்கும் காட்சியை மன்னர் சலவைக்கல்லில் செதுக்குவித்தார். இங்கிலாந்துச் சிற்பியாகிய பிளாக்சுமன் வடித்த அச்சிற்பம் தஞ்சைக் கோட்டையில் உள்ள தேவாலயத்தில் இன்றும் இருக்கின்றது.

முடி கிடைத்தது, ஆனால், ஆட்சி நிலைக்கவில்லை. 1799-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஏற்பட்ட உடன்படிக்கையால், தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கும்பெனியைச் சார்ந்தது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னர் கையில் எஞ்சின. ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு அளிக்கப்பட்டன. அப்பொழுது அவருக்கு அகவை 22. போர்க்களம் இல்லை, நடத்திச் செல்லப் படை இல்லை. பொருளும் ஓய்வும் நிரம்ப உடைய ஓர் இளைஞர், களியாட்டங்களில் மூழ்கித் தம் வாழ்நாளை வீணாக்குதல் மிக எளிது. முன்னோர் புரவிகளைப் போருக்குச் செலுத்தினர். போரற்ற மன்னருக்குப் புரவி வெறும் அணிகலனாய் நின்றிருத்தல் கூடும். சரபோஜி அவ்வாறு வாளா இருந்தாரல்லர். ஆளுதற்கு நாடு இல்லையாயினும், அறிதற்கு உலகம் உண்டு என்று துணிந்தார்.

அன்றுமுதல் அவர் தேடிய நூல்கள் பல. ஆராய்ந்த துறைகள் பல. ஐரோப்பிய மொழிகளில் அமைந்த 4,000-க்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டினார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவினார். அங்கே மக்களுக்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்துகள் செய்யப்பட்டன. இஃது ஈண்டுக் கருதத்தக்கது. மார்க்கோ போலோ காலத்துக் குதிரைகள் மருத்துவம் அறிவார் இன்மையால் மடிந்தன. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னர், வாயற்ற உயிர்களின் நோய்க்கும் மருந்து தேடும் மன்னர் ஒருவர் தமிழகத்தில் தோன்றினார். சரசுவதி மகாலின் செல்வங்களுள் அசுவ சாத்திரம் என்னும் வடமொழிப் பரிநூலும் ஒன்று. பாண்டவருள் நகுலன் பெயரால் வழங்கும் அந்நூல், வண்ண ஓவியங்களுடன் 1952-ஆம் ஆண்டில் அச்சிடப்பெற்றது.

குதிரையைத் தேர்ந்தறிதல் எளிய செயலன்று. உடலின் நிறத்தையும் சுழிகளையும் கண்டு நன்மை தீமை கூறுதல் நம் நாட்டுப் பழைய வழக்கம். தேர்ச்சியுடையார் அவற்றோடு அமையார். முதலில் வாயைத் திறந்து பல்லை நோக்குவர். குதிரையின் முன்பற்களில் பாற்பற்கள் இரண்டரை வயதளவில் விழத் தொடங்கும். ஐந்தாம் வயதில் முன்பற்கள் யாவும் நிலைப்பற்களாக நிரம்பும். பின்னர் அப்பற்களின் மேற்புறத்துக் குழிகள் ஆண்டுதோறும் தேய்ந்து மறையும். அத்தேய்வைக் கொண்டு வயதைக் கணிப்பர். விற்பவன் எத்துணைப் பொய் கூறினும் பல் பொய் கூறாது. அடுத்துக் குளம்பை நோக்குவர். அடிப்படை உறுதியில்லாத மாளிகை எவ்வளவு அழகாயினும் பயன்படாதவாறு போல, குளம்பு நலமில்லாத குதிரையும் பயன்படாது. இவ்வுண்மையைக் கிரேக்க நாட்டு அறிஞராகிய செனபோன், 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே தம் பரிநூலில் விளக்கினார். இளமையில் போர்வீரராக விளங்கிய அவர், முதுமைப் பருவத்தில் அந்நூலை இயற்றினார் என்பர். சினத்தோடு குதிரையை அணுகுதல் கூடாது என்பது அவர் அறிவுரைகளுள் தலையாயது.

இக்கருத்து ஆழ்ந்து எண்ணத்தக்கது. இளைஞன் தன் வலிமையால் குதிரையை அடக்க முயல்கின்றான், கடிவாளத்தை இறுக்குகின்றான், சவுக்கை ஓங்குகின்றான். வயது முதிர்ந்த தேர்ச்சியாளனோ அதன் குறிப்பை அறிகின்றான். செவிகள் திரும்பும் திசையைக் கொண்டே அதன் அச்சத்தை உணர்கின்றான். உடலின் சிறு சாய்வாலும் முழங்காலின் மெல்லிய அழுத்தத்தாலும் தன் கருத்தை அதற்கு உணர்த்துகின்றான். வலிமை குறையுங்கால் பொறுமை வளருமாயின், குதிரையேற்றம் நடுவயதிற்குப் பின்னரே முழுமை பெறும் கலை என்று கூறுதல் மிகையாகாது.

இத்தகைய முதிர்ச்சி சரபோஜி மன்னரிடம் விளங்கியமையை அயல்நாட்டவர் ஒருவர் கண்டு எழுதியுள்ளார். கல்கத்தாவின் பேராயராகிய ஹீபர் என்பவர், 1826-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தஞ்சைக்கு வந்தார். அப்பொழுது மன்னருக்கு அகவை 48 நிரம்பியிருந்தது. அறிவியல் நூலாரின் கருத்துகளை மன்னர் தடையின்றி எடுத்துரைத்தலையும், ஆங்கிலப் புலவராகிய சேக்சுபியரின் கவித்திறத்தை நுட்பமாக மதிப்பிடுதலையும் கண்டு அவர் வியந்தார். அப்பகுதியில் இருந்த ஆங்கிலப் படைத்தலைவர்கள், குதிரையை மதிப்பிடுவதில் மன்னரை மெய்யான வல்லுநர் என்று போற்றியதையும், புலிவேட்டையில் அவர் அஞ்சாது குறிதவறாமல் சுடுபவர் என்பதையும் தம் மடலில் எழுதினார். கட்டமைந்த உடல், பருந்தினுடையவை போன்ற கூரிய கண்கள், அடர்ந்து நரைத்த மீசை ஆகியவற்றோடு, பிரெஞ்சு நாட்டுப் படைத்தலைவர் ஒருவரைப் போல மன்னர் தோன்றினார் என்றும் குறித்தார். இளமையில் வெயிலும் காற்றும் மறுக்கப்பெற்று வாடிய சிறுவர்தாமா இவர் என்று நாம் வியக்கின்றோம்.

அம்மடலில் நெஞ்சை உருக்கும் செய்தியொன்றும் உள்ளது. மன்னரின் மகனாகிய சிவாஜிக்கு அப்பொழுது அகவை 17. அவர் வெளிறிய முகமும் நலிந்த உடலும் உடையவர். தம் மகனுக்குத் தக்க கல்வி அளிக்கத் தஞ்சையில் வழி கிடைக்கவில்லையே என்று மன்னர் வருந்தினார். அதனைக் கேட்டு இரங்கிய ஹீபர், இளவரசரைத் தம்முடன் அழைத்துச் சென்று, கல்கத்தாவில் தம் இல்லத்தில் தங்கவைத்துக் கற்பிக்க முன்வந்தார். தந்தையார் பெரிதும் மகிழ்ந்தார். ஆனால், அரசியார் இசையவில்லை. அவர் முன்னரே இரு மைந்தரை இழந்தவர். எஞ்சிய ஒருவனும் நோயாளி; பிரிந்து சென்றால் உயிரோடு திரும்பான் என்று அவர் அஞ்சினார். அத்தாயின் அச்சத்தைக் குறைகூறுவார் யார்? மன்னரும் வற்புறுத்தவில்லை. அச்சமுற்ற உள்ளத்தைக் கட்டாயப்படுத்துதல் தகாது என்பதைப் பரியறிந்தவர் அறியாரோ! சில நாள்களில், ஏப்ரல் 3-ஆம் நாளன்று, ஹீபர் திருச்சிராப்பள்ளியில் திடீரென இறந்தார். இளவரசர் தஞ்சையிலேயே வளர்ந்து, பின்னர் அரியணையும் ஏறினார்.

சரபோஜி மன்னர் 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இயற்கை எய்தினார். அவருக்குப்பின் பட்டமேறிய சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண் வழித்தோன்றல் இன்றி மறையவே, தஞ்சை அரசையும் கும்பெனி முடிவுறச் செய்தது. அரண்மனைக் குதிரைகளின் கனைப்பொலி அடங்கிவிட்டது. எனினும், மன்னர் தொகுத்த நூல்கள் அழியவில்லை. 1918-ஆம் ஆண்டில் சரசுவதி மகால் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. இன்றும் அறிஞர் பலருக்குப் பயன்பட்டு வருகின்றது.

இழந்ததை எண்ணி ஏங்கி அழிவோர் உலகில் பலர். சரபோஜி மன்னர் இளமையில் உரிமையை இழந்தார். முடிசூடிய மறு ஆண்டே ஆட்சியை இழந்தார். ஆயினும், உடலுரத்தை இழந்தாரல்லர்; அறிவின்மேல் கொண்ட வேட்கையை இழந்தாரல்லர். பயிற்சிக்குப் பருவம் கடந்துவிட்டது என்று சோம்பியிருப்போர்க்கு அவர் வாழ்வு நல்ல விடையாகும். ஒரு கலையின்மேல் உண்மையான விருப்பம் உடையார், அதன் இயல்பை முறையாகக் கற்பர். தமக்கு இன்பம் தரும் உயிரின் துன்பத்தையும் தம் துன்பமாகக் கருதிப் பேணுவர். அன்னார்க்கு மூப்பு ஒரு தடையன்று. தேர்ச்சி நிரம்பும் பருவமே ஆகும்.