குதிரைக்காக 12 கேமரா வைத்தவர்: யார் இந்த எட்வேர்ட் மைபிரிட்ஜ்?

ஓடும் குதிரையின் 4 கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு மேலே எழுமா? 150 ஆண்டுகளுக்கு முன் இது பெரிய விவாதம். வெறும் கண்ணால் பார்த்து யாராலும் அடிச்சுச் சொல்ல முடியல. பதிலைக் காட்டியவர் எட்வேர்ட் மைபிரிட்ஜ்.

யார் இவர்?

1830-ல் இங்கிலாந்தின் கிங்ஸ்டனில் பிறந்தவர். அமெரிக்கா போய் புத்தகம் விற்றார். 1860-ல் குதிரை வண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. அதிலிருந்து மீண்ட பிறகுதான் போட்டோகிராஃபர் ஆனார். 1874-ல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டே நீதிமன்றம் விடுதலை செய்தது.

அந்த 12 கேமராக்கள்

ரயில்வே அதிபரும் கலிபோர்னியா முன்னாள் கவர்னருமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், குதிரை விவகாரத்தை இவரிடம் ஒப்படைத்தார். இது பந்தயத்துக்காக நடந்தது என்று சொல்வாங்க. ஆனா அதற்கு ஆதாரம் இல்லை.

1878 ஜூன், பாலோ ஆல்டோ பண்ணை. ஓடுபாதை ஓரம் 12 கேமராக்கள், 27 அங்குலத்துக்கு ஒன்று. குறுக்கே நூல்கள். குதிரையின் கால் பட்டு நூல் அறுந்தால் ஷட்டர் திறந்து மூடும். எதிர்ப்பக்கம் வெள்ளைச் சுவர். அதில் எண் போட்ட கோடுகள்.

விஷயமே அந்தக் கோடுகளில்தான். 12 படங்கள் மட்டும் இருந்தால் அவை 12 தனித்தனிப் படங்கள். கேமராக்களுக்கு இடையே உள்ள தூரம் தெரிந்து, பின்னால் அளவுகோலும் இருந்தால்தான் குதிரை எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட முடியும். இதற்குத்தான் இன்று கேலிப்ரேஷன் என்று பெயர்.

விடை? 4 கால்களும் மேலே எழுகின்றன. ஆனா ஓவியர்கள் வரைந்த மாதிரி முன்னும் பின்னும் நீட்டி இல்லை. வயிற்றுக்கு அடியில் மடங்கி.

பறிபோன பெயர்

1882-ல் ஸ்டான்ஃபோர்ட் தரப்பு இந்த ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டது. மைபிரிட்ஜுக்கு அதில் உரிய இடம் தரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட இருந்த அவரது கட்டுரையும் நின்றுபோனது. வழக்குப் போட்டும் தோற்றார்.

ஆனாலும் விடல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சதுரக் கட்டங்கள் போட்ட திரைக்கு முன் மனிதர்கள், விலங்குகளின் அசைவுகளைப் படமெடுத்தார். 1887-ல் 781 தகடுகளாக அவை வெளிவந்தன. 1904-ல் சொந்த ஊரிலேயே காலமானார்.

இன்று ஏன் முக்கியம்?

அந்தப் பண்ணை நிலத்தில்தான் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. 2000-களில் அங்கேயே 100 கேமராக்களை வரிசையாக அடுக்கி, ஒரு காட்சியைப் பல கோணங்களில் 'லைட் ஃபீல்டு' ஆகப் பதிவு செய்தார்கள். படம் எடுத்த பிறகும் ஃபோகஸை மாற்றலாம் என்பது இதன் சிறப்பு. அதற்கு ஒவ்வொரு கேமராவின் இடம், கோணம், நேரம், நிறம் எல்லாம் துல்லியமாகப் பொருந்தணும். இல்லாவிட்டால் படம் மங்கலாகிவிடும்.

தொழில்நுட்பம் மாறிவிட்டது. ஆனா சுவரில் கோடு போட்ட மைபிரிட்ஜின் பாடம் மாறல: கேமராக்களை அடுக்கினால் மட்டும் போதாது, அளந்து அடுக்கணும்!